மண்பானையும் ஓட்டக்காரனும்

1912ஆம் வருஷம் ஜூலை மாதம் 14ஆம் தேதி, ஸ்வீடன் தேசத்தின் தலைநகரான ஸ்டாக்ஹோமில், சூரியன் உச்சியைத் தாண்டிச் சற்றே சாய்ந்திருந்த வேளையில், ஒலிம்பிக் மராத்தான் ஓட்டத்துக்காக 68 பேர் புறப்பட்டார்கள். கோடையிலும் கம்பளிச் சட்டையைக் கைவிடாத அந்த வடதிசை ஊரில் வெயிலுக்கு அஞ்ச நேரும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் அன்று நிழலிலேயே உஷ்ணம் 32 டிகிரி செல்ஷியஸை எட்டியதாகச் சொல்கிறார்கள். ஓடத் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் எல்லைக்கோட்டைக் காணவில்லை. அப்படிக் காணாதவர்களில் ஒருவர், போர்த்துகல் தேசத்திலிருந்து வந்த பிரான்சிஸ்கோ லாசரோ. தச்சு வேலை செய்து பிழைத்தவர்; தம் நாடு முதன்முதலாகக் கலந்துகொண்ட அந்த ஒலிம்பிக்கில் அதன் கொடியைத் தாங்கி அணிவகுப்பில் நடந்தவர். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிய ஓரிடத்தில் அவர் தடுமாறி விழுந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். வெயில் தோலைச் சுட்டுவிடாதிருக்க வேண்டும் என்று எண்ணி, அவர் உடம்பெங்கும் மெழுகைப் பூசிக்கொண்டு ஓடினார் என்பது அந்த மரணத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

அந்த மெழுகு என்ன செய்திருக்கும் என்பதை விளங்கிக்கொள்ள நமக்கு ரஸாயன சாலை எதுவும் வேண்டாம். கோடை வந்ததும் வீட்டின் மூலையில் ஆற்று மணலைப் பரப்பி அதன்மேல் மண்பானையை அமர்த்தும் பாட்டியிடம் கேட்டால் போதும். பானையின் மேனியில் கண்ணுக்குப் புலனாகாத துவாரங்கள் கோடிக்கணக்கில் உண்டு. அவற்றின் வழியே கசிந்து வெளிப்புறத்தை நனைக்கும் நீர், காற்றில் உலரும்போது, தான் ஆவியாக மாறுவதற்குத் தேவையான உஷ்ணத்தைப் பானைக்குள் இருக்கும் நீரிடமிருந்தே பறித்துக்கொண்டு போகிறது. அதே மண்ணால் செய்து, மேலே பளபளக்கும் பூச்சைப் பூசிச் சூளையில் சுட்டெடுத்த ஊறுகாய் ஜாடியில் தண்ணீரை ஊற்றி வைத்தால், அது நாள் முழுவதும் அறையின் உஷ்ணத்திலேயே கிடக்கும். லாசரோ பூசிக்கொண்ட மெழுகு உண்மையானால், அந்தப் பரிதாபத்துக்குரிய மனிதர், இயற்கை மண்பானையாகச் செய்து அனுப்பிய தம் தேகத்தைத் தம் கையாலேயே ஊறுகாய் ஜாடியாக ஆக்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெயிலில் ஓடுகிறவன் வெயிலினால்தான் சூடாகிறான் என்பது பொதுவான அபிப்பிராயம். அது பாதி உண்மைகூட அன்று. அடுப்பு வெளியில் இல்லை, உள்ளே இருக்கிறது. உணவிலிருந்து நாம் பெறும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை மட்டுமே தசைகள் இயக்கமாக மாற்றுகின்றன. மீதி முழுவதும் உஷ்ணம். ஓடுவதற்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு, சுமார் ஒரு கலோரி செலவாகிறது என்பது ஓட்டக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவன் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்குச் செலவு 600 கலோரி. அதில் 450க்குக் குறையாமல் உஷ்ணமாகவே அவனுக்குள் பிறக்கிறது. அவனுடைய தேகத்தை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு ஐம்பது கலோரி போதும். அதாவது, பிறக்கும் உஷ்ணம் வெளியேற வழியே இல்லாமற் போனால், ஆறு ஏழு நிமிஷங்களுக்கு ஒரு டிகிரி வீதம் அவன் சூடேறிக்கொண்டே போய், அரைமணி நேரத்துக்குள், எந்த ஜுரத்திலும் வைத்தியர் பதறிப்போகும் நிலையை அடைந்துவிடுவான். மார்கழிக் குளிரிலும் இந்தக் கணக்கு மாறாது. மாறுவது, அந்த உஷ்ணம் வெளியே போகும் வாசல் மட்டுமே.

வாசல்களில் இரண்டு, கோடையில் தாமாகவே சாத்திக்கொள்கின்றன. நம் தோலின் உஷ்ணம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை, அது தோலைத் தொட்டு உஷ்ணத்தை ஏந்திச் செல்கிறது. சுற்றியுள்ள பொருள்களை நோக்கியும் தேகம் தன் உஷ்ணத்தைக் கதிர்களாக வீசுகிறது. காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், அல்லது மேலே சூரியனும் கீழே தார்ச்சாலையும் கனலத் தொடங்கிவிட்டால், உஷ்ணம் வாசலின் வழியே உள்ளே வர ஆரம்பிக்கிறது. அப்போது மிச்சமிருப்பது வியர்வை ஒன்றே. இருபது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் மனிதத் தோலில் இருக்கின்றன. நாய் நாக்கை நீட்டி இரைக்கவேண்டியிருக்கும் வேளையில் மனிதன் தன் மேனி முழுவதையுமே ஈரத்துணியாக ஆக்கிக்கொள்கிறான். ஒரு லிட்டர் வியர்வை முற்றாக உலர்ந்தால் ஏறக்குறைய 580 கலோரி உஷ்ணம் அதனுடன் போய்விடும். மேலே சொன்ன ஓட்டக்காரனுக்கு, மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறைவான வியர்வையே போதும் என்று இதிலிருந்து ஏற்படுகிறது. ஆனால் உலர வேண்டும். இந்த அத்தியாயத்தில் வாசகர் மறக்கக்கூடாத ஒரு சொல் உண்டென்றால், அது இந்த 'உலர' என்பதுதான்.

வியர்வை சிந்தி உழைத்தான் என்று சொல்வதில் நம் மொழிக்கு ஒரு பெருமிதம் உண்டு. உழைப்பைப் பொறுத்தவரை அது நியாயமானதே. ஆனால் பௌதிக சாஸ்திரியின் கண்ணுக்கு, நெற்றியிலிருந்து வழிந்து நிலத்தில் சிந்திய வியர்வை வெறும் நஷ்டம். அது தேகத்தின் நீரைக் கொண்டுபோயிற்றே தவிர, உஷ்ணத்தைக் கொண்டுபோகவில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் மராத்தானில் ஓடிய ஆல்பெர்ட்டோ ஸலஸார் என்ற அமெரிக்கரின் தேகம் மணிக்கு ஏறக்குறைய 3.7 லிட்டர் வியர்வையைச் சொரிந்ததாகக் கணக்கிட்டார்கள். மனித குலத்தில் அறியப்பட்ட மிகப் பெரிய அளவுகளில் அது ஒன்று. அவர் பதினைந்தாவதாகவே வந்து சேர்ந்தார்.

காற்று உலர்ந்திருந்தால் இந்த மண்பானை எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதை, சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய வைத்தியர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தம்மை வைத்தே பரீக்ஷித்துப் பார்த்தார். 1775இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் அவர் எழுதிய வர்ணனையின்படி, நண்பர்கள் சிலரோடு அவர் நுழைந்த அறையின் உஷ்ணம், தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டி, 127 டிகிரி வரை ஏற்றப்பட்டது. அங்கே எட்டு நிமிஷம் நின்றுவிட்டு அவர் சேதமில்லாமல் வெளியே வந்தார். அதே சோதனைகளில் தட்டில் வைத்த முட்டைகள் இருபது நிமிஷத்தில் வெந்து இறுகிப்போயின. மாட்டிறைச்சித் துண்டு ஒன்று வறண்டே போயிற்று. இறைச்சிக்கும் வைத்தியருக்கும் இருந்த வித்தியாசம் உயிரும், உயிர் இருந்ததால் ஊறிய வியர்வையும்தான். அறை உலர்ந்திருந்தது என்பதே இங்கு முக்கியம்; நீராவி நிறைந்த அறையில் அதில் பாதி உஷ்ணத்தைக்கூட அவ்வளவு சௌகரியமாகத் தாங்க முடியாது.

இப்போது சென்னைக்கு வருவோம். விடியற்காலையில் மெரினாக் கடற்கரைச் சாலையில் நடக்கும் வழக்கமுள்ள எனக்கு, சித்திரை வைகாசி மாதங்களில் அங்கே ஓடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் எழுவதுண்டு. சூரியன் இன்னும் கடலுக்குள் இருக்கிறான். வெப்பமானி 27 அல்லது 28க்கு மேல் காட்டாது. ஆனாலும் ஓடுகிறவர்களின் சட்டை, குளத்தில் முங்கி எழுந்ததுபோல் உடம்போடு ஒட்டிக்கொண்டு சொட்டுகிறது. ஈரப்பதம் 85 சதவீதம் என்று கைபேசி சொல்கிறது. மாலை நான்கு மணிக்கு அதே கைபேசி ஐம்பது சதவீதம் என்று சொல்லும். ஆகவே வியர்வை உலர்வதற்கு மாலையே உத்தமமான வேளை என்று ஒருவர் என்னிடம் வாதித்தார். வாதம் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் சதவீதம் என்பது ஏமாற்றுக்காரப் பேர்வழி; எதில் சதவீதம் என்று அவனைக் கேட்டே தீரவேண்டும்.

குளிர்ந்த காற்று சிறிய பாத்திரம். சூடான காற்று பெரிய பாத்திரம். விடியற்காலையின் 27 டிகிரிக் காற்று, 85 சதவீத ஈரத்தில், கன மீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 22 கிராம் நீராவியைத் தாங்கி நிற்கிறது. பிற்பகலின் 36 டிகிரிக் காற்று, ஐம்பது சதவீதத்தில் தாங்கி நிற்பது 21 கிராம். பாத்திரம் பெரிதானதால் பாதி காலியாகத் தோன்றுகிறதே ஒழிய, உள்ளே இருக்கும் நீர் அநேகமாக அதேதான். தோலை ஒட்டிய ஈரமான காற்றுப் படலத்தில், அதன் 35 டிகிரி உஷ்ணத்தில், 40 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். இந்த நாற்பதுக்கும் வெளிக்காற்றின் இருபத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வியர்வையை உலர்த்தும் விசை. காலையிலும் மாலையிலும் அந்த விசை ஏறக்குறைய சமானம். விசை சமானமானால், வெயில் இல்லாத, தரை இரவெல்லாம் ஆறியிருக்கிற, காற்றே கொஞ்சம் உஷ்ணத்தை ஏந்திச் செல்ல முன்வருகிற காலைப்பொழுதுதான் ஓடுவதற்கு ஏற்றது என்பதில் சந்தேகமில்லை. சட்டை சொட்டினால் சொட்டட்டும். வேலூரின் பிற்பகலில் 40 டிகிரிக் காற்று 25 சதவீத ஈரத்தோடு வீசுமானால், அதில் இருப்பது 13 கிராம்தான். மண்பானைத் தண்ணீர் அங்கே சென்னையைவிட எவ்வளவோ ஜில்லென்றிருப்பதன் ரகசியம் இதுவே. ஆனால் அந்தக் காற்று பானையைக் குளிர்விக்கிற அதே வேளையில் ஓடுகிறவனை எல்லாப் பக்கமும் வாட்டவும் செய்கிறது.

இரவானால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பதும் கடலோரத்தில் பலிக்காது. 2019ஆம் வருஷம் கத்தார் தேசத்தின் தோஹா நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், பகல் வெயிலுக்கு அஞ்சிப் பெண்களுக்கான மராத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். உஷ்ணம் அப்போதும் 30 டிகிரிக்கு மேல்; ஈரம் 70 சதவீதத்துக்கு மேல். புறப்பட்டவர்கள் 68 பேர், ஸ்டாக்ஹோமில் புறப்பட்ட அதே எண்ணிக்கை. வந்து சேர்ந்தவர்கள் 40 பேர். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரிகளில் ஒருவரான கென்யாவின் ரூத் செப்ங்கெடிச், 2 மணி 32 நிமிஷம் 43 விநாடியில் முதலாவதாக வந்தார். அவருடைய திறமைக்கு அது ஏறத்தாழ உலாவுகிற வேகம்.

நம் பத்திரிகைகள் கத்திரி வெயில் தொடங்கியதும், எந்தெந்த ஊரில் வெயில் 'சதம் அடித்தது' என்று, பாரன்ஹீட் கணக்கில், கிரிக்கெட் ஆட்டத்தின் விவரம்போல் பட்டியல் போடுகின்றன. ஓடுகிறவனுக்கு அந்தப் பட்டியலால் பிரயோஜனம் குறைவு. வானிலை நிலையங்களில், காற்று புகும் பலகைகள் வைத்து வெள்ளை வர்ணம் பூசிய பெட்டிக்குள், சாதாரண வெப்பமானிக்கு அருகிலேயே, குமிழில் ஈரத்துணி சுற்றிய மற்றொரு வெப்பமானியும் இருக்கும். அது காட்டும் எண்தான் மண்பானையின் மொழியில் பேசுகிறது. அமெரிக்க மரைன் படைச் சிப்பாய்கள் பாரிஸ் தீவு என்ற பயிற்சி முகாமில் கோடைதோறும் உஷ்ணத்தால் வீழ்ந்ததைக் கண்டு, 1950களில் அங்கே ஒரு அளவுகோலை வகுத்தார்கள். பத்துப் பங்கில் ஏழு பங்கு ஈரத்துணி வெப்பமானிக்கும், இரண்டு பங்கு வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பமானிக்கும், மீதி ஒரே பங்கு சாதாரண வெப்பமானிக்கும் கொடுத்துக் கூட்டுவது அதன் முறை. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும் எண்ணுக்குக் கிடைத்த மரியாதை, பத்தில் ஒன்று!

உஷ்ணம் இவ்வாறு வெளியே போகவேண்டுமானால் முதலில் அது தோலுக்கு வந்து சேரவேண்டும். அதைச் சுமந்து வருவது ரத்தம். ஓடும் தசைகளும் ரத்தத்தைக் கேட்கின்றன, தோலும் கேட்கிறது. ஒரே வாய்க்கால் இரண்டு வயல்களுக்குப் பாயவேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, வியர்வையாக வெளியேறுவதும் அந்த வாய்க்காலின் நீரே. ஆகவே இருதயம் முன்னினும் வேகமாக இறைக்கிறது. தையில் சுலபமாக ஓடிய வேகம் சித்திரையில் மூச்சை முட்டுகிறது. இதைத் தம் மனவலிமையின் குறைவென்று நினைத்துத் தம்மைத் தாமே கடிந்துகொள்கிறவர்கள் உண்டு. அது அநாவசியம்.

தேகம் கற்றுக்கொள்ளும் என்பதே இதில் ஆறுதலான செய்தி. நாள்தோறும் ஒரு மணி நேரம் போல உஷ்ணத்தில் மிதமாக உழைத்தால், பத்துப் பதினான்கு நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னைவிடச் சீக்கிரமாகவும் தாராளமாகவும் சுரக்கிறது. அதில் கரைந்து போகும் உப்பு குறைகிறது. அதே வேகத்துக்கு இருதயம் குறைவாக அடித்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில், பூமியின் ஆழத்துப் புழுக்கத்தில் புதிய தொழிலாளிகள் மடிந்து விழுந்ததைக் கண்ட வைத்தியர்கள், அவர்களைச் சூடான, ஈரமான அறைகளில் பல நாட்கள் பழக்கிய பிறகே கீழே அனுப்பத் தொடங்கினார்கள். இந்த வித்தையின் பெரும்பகுதி அங்கிருந்து நமக்குக் கிடைத்தது. ஆனால் சில வாரங்கள் விட்டுவிட்டால் தேகம் கற்றதை மறந்துவிடும். பகல் முழுவதும் குளிர்சாதன அறையிலும், இரவு முழுவதும் மற்றொரு குளிர்சாதன அறையிலும் வாசம் செய்கிற சென்னைவாசியின் தேகம், மே மாதத்தில்கூட ஸ்டாக்ஹோம்வாசியின் தேகத்தைப் போலவே ஒன்றும் அறியாததாக இருக்கக்கூடும். அவர் பங்குனியிலேயே மெதுவாகத் தொடங்குவது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் மனிதர்கள் இரண்டு எல்லைகளுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், ஆகஸ்ட் மாத வெயிலில், புழுதி பறக்கும் சாலையில் நடந்த ஒலிம்பிக் மராத்தானில், தண்ணீர் கிடைத்த இடம் பாதி வழியை ஒட்டி ஒன்றே. 32 பேர் புறப்பட்டு 14 பேர் வந்து சேர்ந்தார்கள். ஓடும்போது குடிப்பது பலவீனத்தின் அடையாளம் என்ற எண்ணம் அதற்குப் பின்னும் நெடுங்காலம் இருந்தது. பிறகு ஊசல் மறுபக்கம் சென்றது: தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்த மட்டும் குடி என்றார்கள். விளைவு, அளவுக்கு மிஞ்சிக் குடித்த நீரால் ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்கி விழுந்தவர்களை வைத்தியர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். 2002இல் பாஸ்டன் மராத்தானை ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூன்று பேரிடம் உப்பு இவ்வாறு குறைந்திருந்தது. ஓடுமுன் ஒருமுறை, ஓடியபின் ஒருமுறை எடை பார்த்துக்கொள்கிறவன் எந்த விளம்பரத்தையும் நம்பவேண்டியதில்லை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறான். இரண்டு மூன்று கிலோ குறைந்திருந்தால் போதாமல் குடித்திருக்கிறான். இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை: அதில் நிறைந்திருப்பது பொட்டாசியம்; வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம், அதாவது சாப்பாட்டு உப்பு. ஆகையால் உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும், விலையிலும் குணத்திலும், இந்தக் காரியத்துக்கு இளநீரை வென்றுவிடுகின்றன என்பது என் கட்சி.

தலையிலும் முகத்திலும் தண்ணீரை ஊற்றிக்கொள்வது இதமாக இருக்கும். உலர்ந்த காற்றில் அது கடன் வாங்கிய வியர்வையாகவும் உதவும். கடலோரப் புழுக்கத்தில், உள்ளதே உலராமல் நிற்கும்போது, மேலும் நனைப்பதால் பெரிய லாபமில்லை. அங்கே வேண்டியது காற்று. ஓடுகிறவன் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். அதனால்தான் ஓடி நின்ற மறுகணம், அதுவரை தெரியாத வியர்வை ஆறாகப் பெருகுகிறது.

ஆபத்து எல்லையைத் தாண்டியதன் அடையாளத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இன்னும் உலவுகிறது. வியர்வை நின்று தோல் வறண்டால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். வெயிலில் கிடந்த முதியவர் விஷயத்தில் அது பல சமயம் சரி. ஓடுகிறவனோ சொட்டச் சொட்ட நனைந்த நிலையிலேயே 40 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். பார்க்கவேண்டியது தோலை அல்ல, புத்தியை: கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், குடிகாரன் நடை, காரணமில்லாத கோபம். 1954இல் வான்கூவரில் நடந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்ய, காமன்வெல்த் போட்டியின் மராத்தானில், ஏறக்குறைய 17 நிமிஷம் முன்னணியில் மைதானத்துக்குள் நுழைந்த ஜிம் பீட்டர்ஸ், விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து, எல்லையை எட்டாமலே சாய்ந்த காட்சியை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். அத்தகைய நிலையில் விழுந்தவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியைத் தேடி ஓடுவதற்கு முன்பு, இருந்த இடத்திலேயே, கழுத்தளவு குளிர்ந்த நீரில், தலையைத் தாங்கிப் பிடித்தபடி, அமிழ்த்த வேண்டும். தொட்டி இல்லையேல் குடம் குடமாக ஊற்றி விசிற வேண்டும். ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்புவதும் அதே சமயத்தில் நடக்கட்டும். முதல் அரைமணி நேரத்துக்குள் உஷ்ணம் இறங்கிவிட்டவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவில்லை, ஆனால் ஓட்டக்காரர்களுக்கு அதைப்போலக் கசப்பானது வேறில்லை. உள்ளே எரியும் அடுப்பின் தீ வேகத்துக்கு ஏற்றபடியே எரிகிறது. வேகத்தைக் குறைத்தால் அது குறைகிறது. நின்றால் ஏறக்குறைய அணைந்தே விடுகிறது. ஸ்டாக்ஹோமில் லாசரோ ஓடிய அதே சாலையில், ஜப்பானிலிருந்து கப்பலிலும் ரயிலிலுமாகப் பதினெட்டு நாள் பிரயாணம் செய்து வந்த கனகுரி ஷிஸோ என்ற வாலிபரும் ஓடிக்கொண்டிருந்தார். பாதி வழிக்கு மேல் வந்தபின் உஷ்ணம் தாங்காமல் அவர் சாலையை விட்டு விலகினார். அருகிலிருந்த ஒரு வீட்டார் தங்கள் தோட்டத்தில் அவரை உட்காரவைத்துப் பழரசம் கொடுத்தார்கள். இளைப்பாறி எழுந்தவர், பந்தய அதிகாரிகள் ஒருவரிடமும் சொல்லாமல் ரயிலேறி ஊர் திரும்பிவிட, ஸ்வீடன்காரர்கள் அவரைக் காணாமற்போனவராகவே பல வருஷங்கள் எண்ணியிருந்தார்கள். 1967ஆம் வருஷம், குளிர் இன்னும் நீங்காத மார்ச் மாதத்தில், அவரை மறுபடி ஸ்டாக்ஹோமுக்கு அழைத்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் மைதானத்தில் ஓடிவந்து எல்லைக்கோட்டைக் கடந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிஷம், 20.3 விநாடி என்று அறிவித்தார்கள்.